முதல் நடிகை என்று எழுதும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பல்கேரியாவின் முதல் நடிகை என்று ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. பல்கேரியா என்றால் ரோஜா எண்ணெய், தயிர் என்பதோடு நம் பத்திரிகைகள் நிறுத்திக்கொள்வது வழக்கம். அந்த நாட்டு நாடகத்துக்கும் சினிமாவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் அந்தப் பக்கத்தில் மூன்று பெண்களின் வாழ்க்கை ஒரே பெண்ணுடையதாகத் தைக்கப்பட்டிருக்கிறது. மாஸ்கோவில் நடிப்புப் படித்து 1899இல் திரும்பிய அத்ரியானா புதெவ்ஸ்கா ஒருவர். 1915இல் பல்கேரியாவின் முதல் படத்தில் நடித்த மாரா மியாதெவா லிப்பினா வேறொருவர். 1917இல் தொடங்கி முப்பதுகள் வரை படங்களில் நடித்த ழானா கெந்தோவா மூன்றாமவர். தலைப்பில் இருந்த பெயர் மூன்றாமவருடையது. படிப்பு முதலாமவருடையது. விவரித்திருந்த படத்தின் கதை இரண்டாமவருடையது. பழைய படச்சுருள்களையும் நாடக நோட்டீஸ்களையும் கையாளும் வேலை எங்களுடையது. அதனால் இந்த முடிச்சு எங்கே விழுகிறது, எப்படி அவிழ்ப்பது என்று எழுதுகிறோம். கடிதம் நீளம்தான். சுருக்கினாலும் சரி, ஆண்டுகளில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

முதலில் பெயர். 'ஷனா ஜெண்டோவ்' என்று அச்சாகியிருக்கிறது. பல்கேரிய எழுத்தில் 'கெ' என்பது எப்போதும் 'கெ'தான். ஆங்கிலத்தில் எழுதிய பெயரைப் பார்த்து அதை 'ஜெ' ஆக்கக் கூடாது. முதல் எழுத்தின் ஒலி தமிழில் இல்லை. ஆனால் பிரெஞ்சுப் பெயர்களுக்கு நம் சிற்றிதழ்கள் வெகுகாலமாக 'ழ' போட்டு வருகின்றன. அதே ஒலிதான் இதுவும் என்பதால் ழானா என்று எழுதலாம். கடைசி எழுத்து இன்னும் முக்கியம். பல்கேரியக் குடும்பப் பெயர் பெண்ணுக்கு வரும்போது 'ஆ' சேரும். கணவர் கெந்தோவ், மனைவி கெந்தோவா. அண்ணன் புதெவ்ஸ்கி என்றால் தங்கை புதெவ்ஸ்கா. அந்த 'ஆ' விழுந்தால் பல்கேரிய வாசகர் கண்ணுக்கு அது ஆணின் பெயர். தேடுபவருக்கும் தொல்லை. பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலப் பட்டியல்களில் ஒரே நடிகை மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று பேராக உட்கார்ந்திருப்பார். திருமணத்துக்கு முன் ஒரு பெயர், பின் இரட்டைப் பெயர் என்றால் ஆறு பேர். மூல எழுத்தில் தேடினால்தான் ஆள் ஒருவர் ஆவார்.

அடுத்து, 'முதல்' என்ற சொல். பல்கேரிய மொழியில் முதல் நாடகங்கள் 1856இல், துருக்கியர் ஆட்சிக் காலத்திலேயே, ஷூமென், லோம் என்ற இரண்டு ஊர்களில் பள்ளி ஆசிரியர்களின் முயற்சியில் நடந்தன. பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். அதற்குப் பிறகு 1892இல் சோபியாவில் 'கண்ணீரும் சிரிப்பும்' என்ற பெயரில் குழு வந்தது. 1904இல் அதுவே தேசிய நாடக மன்றம் ஆனது. இதில் எந்தப் படியில் நின்று எண்ணுகிறோம் என்று சொல்லாமல் 'முதல் நடிகை' என்று எழுதினால் அந்தச் சொல்லுக்குப் பொருள் இல்லை. மேடை ஏறிய முதல் பெண், முறையாகப் பயின்ற முதல் தலைமுறை, படத்தில் முகம் காட்டிய முதல் பெண், படத்தையே தொழிலாகக் கொண்ட முதல் பெண், எஞ்சியிருக்கும் சுருளில் நாம் இன்று பார்க்கக்கூடிய முதல் பெண் என்று வரிசை நீளும். கட்டுரையாளர் ஐந்தையும் ஒரே கிரீடமாக்கி ஒரே தலையில் வைத்துவிட்டார்.

மாஸ்கோவில் படித்தவர் அத்ரியானா புதெவ்ஸ்கா. பிறப்பு 1878, தோப்ரிச். இந்த ஊர்ப்பெயரிலேயே ஒரு பொறி இருக்கிறது. துருக்கியர் காலத்தில் அது ஹாஜியோக்லு பசார்ஜிக். 1882இல் தோப்ரிச் ஆனது. 1913 முதல் 1940 வரை, முதல் உலகப் போரின்போது வந்த சிறு இடைவெளி தவிர, ருமேனியாவின் கையில் பசார்ஜிக். 1949க்குப் பிறகு சோவியத் தளபதி ஒருவரின் பெயரால் தொல்புகின். 1990இல் மறுபடி தோப்ரிச். எந்த ஆண்டு நூலைப் பார்க்கிறோமோ அந்த ஆண்டுப் பெயரில்தான் நடிகை பிறந்திருப்பார். கட்டுரையில் 'ருமேனியாவில் பிறந்தவர்' என்ற வரி வந்தது இப்படித்தான் என்று நினைக்கிறோம். அவர் பிறந்தபோது ருமேனியா அங்கே வந்திருக்கவில்லை.

அரசு உதவித்தொகையில் மாஸ்கோ போய், மாலி தியேட்டரின் பெரிய நடிகரும் ஆசிரியருமான அலெக்சாந்தர் லென்ஸ்கியிடம் பயின்றார் புதெவ்ஸ்கா. ஷேக்ஸ்பியரின் லேடி மேக்பெத், ஒஃபீலியா, டூமாவின் மார்கரெத் கோத்தியே என்று சோக வேடங்களில் சோபியாவை உட்கார வைத்தவர். தேசிய நாடக மன்றத்தின் கட்டடம், வியன்னாவின் ஃபெல்னர் - ஹெல்மர் வரைந்தது, 1907இல் திறக்கப்பட்டபோது அவர் தலைமுறைதான் அதன் தூண்கள். (திறப்பு நாளன்று மாணவர்கள் நாட்டை ஆண்ட இளவரசர் ஃபெர்டினாண்டைப் பார்த்து விசிலடித்தார்கள், அதற்காகப் பல்கலைக்கழகமே மூடப்பட்டது. நடிகைகளின் கதையில் இதற்கு இடமில்லை என்றாலும் விட மனமில்லை.) 1926இல் அவரை மன்றத்திலிருந்து விலக்கினார்கள். முப்பதுகளின் பிற்பகுதியில் அர்ஜென்டினாவுக்கு மகனிடம் போய், 1948இல்தான் நாடு திரும்பினார். 1955இல் மறைந்தார். இன்று புர்காஸ் நகர நாடக மன்றம் அவர் பெயரில் இருக்கிறது. அவரைப் 'பட நடிகை' என்று எழுதியது தவறு. அவர் மேடைக்காரர். அந்தக் கால மேடை நடிப்பு அந்த இரவோடு போய்விடும். மிஞ்சுவது விமர்சனம், நோட்டீஸ், புகைப்படம்.

அந்தப் புகைப்படத்தையும் நம்பிவிட முடியாது. லேடி மேக்பெத் வேடத்தில் அவர் நிற்கும் படத்தைப் போட்டு 'மேடையில் ஒரு காட்சி' என்று குறிப்பு கொடுத்திருந்தீர்கள். அந்தக் காலப் புகைப்படத் தகடுகளுக்கு மேடை வெளிச்சம் போதாது. நடிகர்கள் வேடத்தோடு புகைப்பட நிலையத்துக்குப் போய், மேல்கண்ணாடி வழியாக வரும் பகல் வெளிச்சத்தில், அசையாமல் நின்று எடுத்துக்கொண்ட படங்கள் அவை. பின்னால் இருப்பது நிலையத்தின் வர்ணத் திரை. தரை விரிப்பையும், பக்கத்தில் இருந்து மட்டும் விழும் ஒளியையும் பார்த்தாலே தெரியும். அந்த நிற்பை வைத்து 'விறைப்பாக நடித்தார்' என்று எழுதுவது, கல்யாண போட்டோவை வைத்து மாப்பிள்ளையின் நடையைச் சொல்வது மாதிரி.

இனி முதல் படம். 'பல்கரான் பெண்களிடம் பண்பானவன்' என்று பெயரைத் தமிழாக்கலாம். இயக்கியதும் நாயகனாக நடித்ததும் ஸ்லிவென் ஊரில் 1891இல் பிறந்த வசில் கெந்தோவ். நாயகி மாரா மியாதெவா லிப்பினா. ழானா இதில் இல்லை. தெருவில் ஒரு பெண்ணின் பின்னால் சுற்றும் கனவான் ஒருவன். அவள் அவனைக் கடை கடையாக அழைத்துப்போய்ப் பொட்டலங்களைச் சுமக்க வைக்கிறாள். கடைசியில் கணவன் வந்ததும், கனவானுக்குச் சுமைகூலி கொடுத்து அனுப்பிவிடுகிறாள். 'பல்கரான்' என்பது அதற்குச் சில ஆண்டுகள் முன்பு வந்துகொண்டிருந்த ஒரு நகைச்சுவைப் பத்திரிகையின் பெயரும்கூட. சோபியா பார்வையாளருக்கு அந்தச் சொல்லைக் கேட்டதுமே சிரிப்பு வந்திருக்கும். படம் இன்று இல்லை.

இந்தப் படத்தின் ஆண்டு கட்டுரையில் ஓரிடத்தில் 1910, இன்னோரிடத்தில் 1915. இரண்டுமே அச்சில் கிடைக்கும். 1910 என்பது கெந்தோவே பிற்காலத்தில் சொல்லிவந்த கணக்கு, பழைய வரலாறுகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. இன்று ஏற்கப்பட்டிருப்பது 1915 ஜனவரி 13. நினைவுக் குறிப்புகளோடு வேலை செய்பவர்களுக்கு இது பழகிய நோய். முன்னோடி என்று பெயரெடுத்தவர், நாற்பது ஆண்டு கழித்து எழுத உட்காரும்போது, தன் முதல் படத்தை ஐந்தாறு ஆண்டு முன்னால் நகர்த்திவிடுவார். பொய் என்று சொல்ல வேண்டியதில்லை. நினைவு அப்படித்தான் சாயும். நினைவுக் குறிப்பிலிருந்து யார், எங்கே, எப்படி என்பதை எடுத்துக்கொள்ளலாம். எப்போது என்பதை அன்றைய நாளிதழ் விளம்பரத்தில்தான் பார்க்க வேண்டும்.

நாளிதழில் பார்த்தாலும் வேலை முடியாது. பல்கேரியா பழைய ஜூலியன் நாட்காட்டியை 1916 வரை வைத்திருந்தது. அந்த ஆண்டு மார்ச் 31க்கு மறுநாள் ஏப்ரல் 14. அதற்கு முந்தைய 20ஆம் நூற்றாண்டுத் தேதி எதுவானாலும் 13 நாள் கூட்ட வேண்டும். 19ஆம் நூற்றாண்டுத் தேதி என்றால் 12 நாள்தான். சோபியா செய்தித்தாளில் 1915 ஜனவரி 13 என்றிருந்தால் அன்று சென்னையில் ஜனவரி 26. நாடக மன்றத் திறப்பு அங்கே 1907 ஜனவரி 3, இங்கே ஜனவரி 16. கட்டுரையில் ஒரே நடிகைக்கு இரண்டு பிறந்தநாள் வந்ததற்கும், இரண்டுக்கும் சரியாக 12 நாள் இடைவெளி இருந்ததற்கும் காரணம் வேறொன்றுமில்லை. எந்த நாட்காட்டி என்று தெரியாவிட்டால் ஆண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

படம் வெளியான இடம் சோபியாவின் 'மாடர்ன் தியேட்டர்'. கட்டுரை அதை நாடக மேடை என்று எடுத்துக்கொண்டு, 'மாடர்ன் தியேட்டரில் நடித்துப் புகழ்பெற்ற' என்று எழுதியிருக்கிறது. அது 1908இல் படம் காட்டுவதற்கென்றே கட்டிய சினிமாக் கொட்டகை. நம்மூரிலும் தியேட்டர் என்றால் சினிமாவுக்குத்தானே போகிறோம்!

இப்போது ழானா கெந்தோவா. பிறப்பு 1899, மறைவு 1976. மேடையில் இருந்து வந்தவர், கெந்தோவின் மனைவி. 1917இல் வெளியான 'காதல் ஒரு பைத்தியம்' படத்தில் நடிக்கும்போது இருபதைத் தொடவில்லை. அந்தப் படத்தின் பெரும்பகுதி இன்றும் இருக்கிறது. எஞ்சியிருக்கும் மிகப் பழைய பல்கேரியக் கதைப்படம் அதுதான். ஆகவே, 'நாம் இன்று திரையில் பார்க்கக்கூடிய முதல் பல்கேரிய நடிகைகளில் ஒருவர்' என்று அவரைப் பற்றிச் சொன்னால் ஒருவரும் மறுக்க முடியாது. கெந்தோவ் 1915 முதல் 1937 வரை எடுத்தவை 11 கதைப்படங்கள். 1921இல் 'சோபியாவில் சாத்தான்', 1922இல் 'பாய் கான்யோ', 1928இல் 'வழியற்றவர்களின் வழி', 1929இல் 'தெருத் தெய்வங்கள்' என்று போகும் பட்டியல். பெரும்பாலானவற்றில் ழானா உண்டு.

இடைவெளிகளைக் கவனியுங்கள். 1917க்குப் பிறகு 1921, 1922க்குப் பிறகு 1927. இதைக் கட்டுரையாளர் 'குடும்பப் பொறுப்புகளால் ஒதுங்கியிருந்தார்' என்று விளக்குகிறார். நடிகை இரண்டு வருஷம் படத்தில் இல்லையென்றால் குடும்பம் என்று எழுதிவிடுவது நம் பழக்கம். கணக்கைப் பார்த்தால் காரணம் வேறு. 1920இல் பல்கேரியாவின் மொத்த மக்கள்தொகை ஐம்பது லட்சத்துக்கும் குறைவு. 1910இல் சோபியாவில் ஒரு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டித்தான் ஆட்கள். அதற்குள் எத்தனை கொட்டகை, எத்தனை டிக்கெட்? வெளிநாட்டுப் படத்தின் ஒரு பிரிண்டை வாங்கி ஓட்டினால் கொட்டகைக்காரருக்கு லாபம். உள்ளூர்ப் படத்துக்கு நெகட்டிவ், கழுவும் செலவு, நடிகர் கூலி எல்லாம் அதே சிறிய ஊரில் இருந்து திரும்பி வர வேண்டும். வராது. மேடைக்கும் இதே கணக்குதான். சிறிய ஊரில் ஒரு நாடகத்தின் பார்வையாளர் சீக்கிரம் தீர்ந்துவிடுவார்கள். அதனால் நாடகத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது மூட்டை கட்டி அடுத்த ஊருக்குப் போக வேண்டும். ஊர் ஊராகப் போகும் நாடகம் பணம் கொடுக்கும், அது படத்தில் போய்க் கரையும். படம் இல்லாத ஆண்டுகள் அவர்களுக்கு ஓய்வு ஆண்டுகள் கிடையாது.

ழானாவின் முகத்தைப் பற்றிக் கட்டுரையில் வந்தவை எங்களைக் கொஞ்சம் உறுத்தின. 'கரிய உதடுகள், வெளிறிய கண்கள், பேய் பிடித்தது போன்ற தோற்றம்' என்று இருந்தது. அது அவர் முகம் அன்று, ஃபிலிமின் குணம். இருபதுகளின் நடுப்பகுதி வரை புழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்கு நீலமும் பச்சையும் தெரியும், சிவப்பு தெரியாது. சிவப்பு எங்கே இருந்தாலும் கறுப்பாக விழும். மேடைக்குப் போடும் சிவப்பு உதட்டுச் சாயத்தோடு காமிரா முன் நின்றால் உதடு தார் பூசியது போல இருக்கும். கன்னத்துச் சிவப்பு குழி விழுந்தது போலக் காட்டும். நீலக் கண்ணோ வெள்ளையாகக் கரைந்துவிடும். மேடையில் இருந்து வந்தவர்கள் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது இதைத்தான். மஞ்சள் கலந்த வெளிர் பூச்சு, உதட்டில் மிக மெல்லிய சாயம், கண்ணிமையில் அடர்த்தி. சிவப்பையும் உணரும் பான்குரோமாட்டிக் ஃபிலிம் பரவியதும் இந்த ஒப்பனை முழுவதும் தலைகீழாக மாறியது. ஆகவே 1917 படத்தின் முகத்தையும் 1929 படத்தின் முகத்தையும் பக்கத்தில் வைத்து 'வயதாகிவிட்டது' என்றோ 'இளமை திரும்பியது' என்றோ எழுதக் கூடாது. இன்னொன்று, அந்தப் படத்துக்குக் கணினியால் நிறம் ஏற்றியிருந்தீர்கள். ஆர்த்தோகுரோமாட்டிக் படத்தில் கறுப்பாகத் தெரியும் உடை சிவப்பாகவும் இருந்திருக்கலாம், கறுப்பாகவும் இருந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க எந்த மென்பொருளுக்கும் வழி இல்லை. கறுப்பு வெள்ளையிலேயே போட்டிருக்கலாம்.

'துள்ளித் துள்ளி நடக்கும் அந்தக் கால நடிப்பு' என்பதற்கும் இதே பதில்தான். காமிராவைக் கையால் சுற்றினார்கள். ஒரு சுற்றுக்கு 8 ஃபிரேம், நொடிக்கு 2 சுற்று என்றால் 16 ஃபிரேம். பேசும் படம் வந்த பிறகு புரொஜெக்டர்கள் 24இல் நிலைத்துவிட்டன. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் அடிக்கு 16 ஃபிரேம், மீட்டருக்குச் சுமார் 52. 300 மீட்டர் ரீல் 16இல் ஓடினால் 16 நிமிடத்துக்குச் சற்று மேல், 24இல் ஓடினால் 11 நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு நேரம் காணாமல் போகிறது. அழுகிற பெண் படபடப்பது போலவும், யோசித்து நிற்பவள் திடுக்கிடுவது போலவும் தெரியும். கையால் சுற்றியது என்பதால் எல்லாக் காட்சிக்கும் ஒரே வேகமும் இருக்காது. சரியான வேகத்தைக் கண்டுபிடிக்க நாங்கள் பார்ப்பது நடையை அல்ல, விழும் பொருளை. படியிறங்கும் பாவாடையின் விளிம்பு, கொட்டும் தண்ணீர், எறிந்த தொப்பி. நடிகர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், தொப்பி அப்படிச் செய்யாது.

ஓரம் வெட்டுப்பட்ட படங்களும் இப்படித்தான் வருகின்றன. மௌனப் படத்தின் ஃபிரேம் ஃபிலிமின் முழு அகலத்துக்கும் இருக்கும், சுமார் 24க்கு 18 மில்லிமீட்டர். பேசும் படத்தில் ஒலிப்பட்டைக்காக ஒரு பக்கம் இரண்டரை மில்லிமீட்டர் போய்விடும். பழைய நெகட்டிவைப் பிற்கால இயந்திரத்தில் வைத்து நகல் எடுத்தால், இடது ஓரத்தில் நிற்பவருக்குத் தோள் இருக்காது. நீங்கள் அச்சிட்ட படத்தில் ழானா பாதித் தோளோடு நிற்பது ஒளிப்பதிவாளரின் 'துணிச்சலான கோணம்' அன்று.

பல்கேரிய மௌனப் படங்களுக்கே உரிய இரண்டு செய்திகளையும் சொல்லிவிடுகிறோம். அந்த நாட்டில் பலர் ஆமென்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள், இல்லையென்பதற்கு மேலே தூக்குவார்கள். ஒலி இல்லாத படத்தில் நாயகி தலையாட்டினால் அவள் சம்மதித்தாளா மறுத்தாளா என்பதை காட்சிகளுக்கு நடுவே வசனம் காட்டும் அடுத்த டைட்டில் கார்டைப் படித்த பிறகே எழுத வேண்டும். மற்றொன்று அந்தக் கார்டுகளின் எழுத்து. 1945 வரை பல்கேரிய மொழியில் மெய்யொலியில் முடியும் சொற்களின் கடைசியில் உச்சரிக்காத ஓர் எழுத்தைப் போடுவார்கள். வேறு இரண்டு பழைய எழுத்துகளும் புழக்கத்தில் இருந்தன, அவற்றின் பெயர்கள் 'யாத்', 'யூஸ்'. 1945 சீர்திருத்தத்தில் எல்லாம் போயின. ஆகவே 1917 படம் என்று காட்டும் பிரதியில் கார்டுகள் இன்றைய எழுத்தில் இருந்தால், அவை பிற்பாடு எழுதிச் சேர்த்தவை. கட்டுரையாளர் மேற்கோள் காட்டும் உருக்கமான வசனத்தை அன்றைய வசனம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இதில் ஒரு சறுக்கல் உண்டு. 1921இல் விவசாயிகள் கட்சி அரசின் கல்வி அமைச்சர் ஓமர்செவ்ஸ்கி ஒரு சீர்திருத்தம் கொண்டுவந்தார், 1923 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அதைத் தூக்கிவிட்டார்கள். அந்த இரண்டு வருஷமும் கடைசி எழுத்து இல்லாமலேயே அச்சானது, யூஸ் மட்டும் இருந்தது. 'பாய் கான்யோ' எடுத்த 1922 சரியாக அதற்குள் விழுகிறது. கடைசி எழுத்து இல்லை, யூஸ் இருக்கிறது என்றால் 1921 - 23. இரண்டும் இல்லை என்றால் 1945க்குப் பின். யூஸ் வராத ஒற்றை வரிக் கார்டை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

11 படங்களில் பெரும்பாலானவை ஏன் இல்லை? கட்டுரை 'போரில் அழிந்தன' என்று ஒரே வரியில் முடிக்கிறது. 1944 தொடக்கத்தில் சோபியா மீது பெரிய குண்டுவீச்சுகள் நடந்ததும், தேசிய நாடக மன்றக் கட்டடமே அதில் அடிபட்டதும் உண்மை. (அந்தக் கட்டடம் 1923இல் ஒருமுறை தீயில் எரிந்து 1929இல் மறுபடி எழுந்தது.) ஆனால் குண்டு விழாவிட்டாலும் அந்தச் சுருள்களுக்கு ஆயுள் குறைவு. 1950 வாக்கில் வரை 35 மில்லிமீட்டர் ஃபிலிம் நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்த்துச் செய்தது. டப்பாவைத் திறந்ததும் லேசான கற்பூர வாசனை வந்தால் நல்லது. மூக்கைக் குத்தும் புளித்த நெடி வந்தால் சிதைவு தொடங்கிவிட்டது. முதலில் பிம்பம் மங்கி ஃபிலிம் பழுப்பேறும். பிறகு பிசுபிசுத்துச் சுற்றோடு சுற்று ஒட்டும். அடுத்து தேன் போலக் குமிழ் விடும். பின் கட்டியாகும். கடைசியில் பழுப்புத் தூள். முதல் இரண்டு நிலை வரை நகல் எடுக்கலாம். வெளிவரும் வாயுவே சிதைவை இன்னும் வேகமாக்கும் என்பதால் இறுக்கி மூடிய டப்பா, பத்திரமாகத் தோன்றினாலும், மிக மோசமான இடம். சுருள் ஒரு சதவீதத்துக்கு மேல் சுருங்கிவிட்டால் சாதாரண புரொஜெக்டரின் பற்கள் துளைகளைக் கிழிக்கும். தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும், எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. இரண்டே பிரிண்ட், அதையும் கிழியும் வரை ஊர் ஊராக ஓட்டும் தயாரிப்பாளர், குளிரூட்டிய அறை என்ற பேச்சே இல்லாத காலம். குண்டு வந்தது பிறகுதான்.

பேசும் படத்துக்கும் முதலடி கெந்தோவ் குடும்பத்திடமிருந்தே வந்தது. 1873இல் தூக்கிலிடப்பட்ட விடுதலை வீரர் வசில் லெவ்ஸ்கியின் கதையான 'அடிமைகளின் கிளர்ச்சி', 1933. 1937இல் 'மண் எரிகிறது', அதோடு முடிந்தது. 1948 ஏப்ரலில் வந்த சட்டம் சினிமாவை முழுக்க அரசுடைமை ஆக்கியது. புதிய படக்கூடத்தில் பழைய தனியார் படக்காரர்களுக்கு இடமில்லை. கெந்தோவ் 1970 வரையிலும் ழானா 1976 வரையிலும் வாழ்ந்தும் அந்தக் கடைசிப் பல ஆண்டுகளில் ஒரு படமும் இல்லை. இருவரும் உட்கார்ந்து நினைவுக் குறிப்புகள் எழுதினார்கள். கணவருடையதைப் பற்றி மேலே சொன்ன எச்சரிக்கை மனைவியுடையதற்கும் பொருந்தும். ஆனால் படப்பிடிப்பில் யார் தைத்தது, யார் கடன் வாங்கியது, யாருக்குக் கூலி பாக்கி போன்றவற்றுக்கு மனைவிகள் எழுதியதையே நாங்கள் முதலில் புரட்டுவோம்.

கட்டுரையின் கடைசிப் பத்தியில் ழானாவுக்கு 'பல்கேரியச் சினிமாவின் முதல் பெண்மணி' என்ற பட்டத்தைக் கொடுத்திருக்கிறீர்கள். அது இன்னொருவருக்கு வழங்கும் பட்டம். துப்னித்சாவில் 1938இல் பிறந்த நெவெனா கொக்கானோவா, நடிப்புப் பள்ளி வாசலை மிதிக்காமல் யாம்போல் நகர நாடக மன்றத்தில் பயிற்சி நடிகையாகச் சேர்ந்தவர். 1962இல் 'புகையிலை', 1964இல் 'பீச் பழத் திருடன்' இரண்டும் அவரை நாட்டுக்கு வெளியே கொண்டுபோயின. யாம்போல் மன்றம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. புர்காஸில் புதெவ்ஸ்கா, யாம்போலில் கொக்கானோவா. நடுவில் வந்த இருவருக்கும் படச்சுருள்தான் கட்டடம், அதுவும் முழுதாக இல்லை. அவர்கள் பெயரையாவது சரியாக அச்சிட்டுவிடலாம் என்பதால், அடுத்த ஞாயிறு வெளியிட வேண்டிய திருத்தத்தைக் கீழே எழுதித் தந்திருக்கிறோம். நான்கு வரிதான்:

'பல்கேரிய நடிகை பற்றிய கட்டுரையில் வந்த மாஸ்கோ படிப்பும் லேடி மேக்பெத் வேடமும் அத்ரியானா புதெவ்ஸ்காவுக்கு உரியவை. 1915ஆம் ஆண்டுப் படத்தின் நாயகி மாரா மியாதெவா லிப்பினா. ழானா கெந்தோவா 1917 முதல் திரையில் நடித்தவர். மாடர்ன் தியேட்டர் என்பது சினிமாக் கொட்டகை.'

இப்படிக்கு,
பழைய படச்சுருள் பராமரிப்பில் இருக்கும் வாசகர்கள் சிலர்,
சென்னை.